ஊசிச் சத்தம்

சாத்தான்குளம்
7.3.2025

அன்புள்ள கெசியா,

புதன்கிழமை பொழுது சாய்வதற்குள் சாரம்மாள் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இதை ஒரு போனில் சொன்னால் என்ன என்று நீ கேட்பாய். போன் நம் வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஈஸ்டர் வரும்வரை போனைத் தொடமாட்டேன், கம்ப்யூட்டர் முன்னால் உட்காரமாட்டேன், காதில் ஹெட்போன் மாட்டமாட்டேன் என்று சாம்பல் புதன் ஆராதனையில் முழங்காலில் நின்று சொல்லியிருக்கிறேன். லெந்து நாட்களுக்கு மற்றவர்கள் கறியை விடுகிறார்கள், காப்பியை விடுகிறார்கள். நான் கம்ப்யூட்டரை விட்டிருக்கிறேன். சபையில் யாரிடமும் சொல்லிவிடாதே, சிரிப்பார்கள்.

நீயும் சிரிக்கத்தான் செய்தாய். ஆனால் பத்து மாதமாக இந்தச் சத்தத்தோடு இருப்பவன் நான். ஊசியால் கண்ணாடியைக் கீறுவது மாதிரி, இரண்டு காதிலும், நிற்காமல். மாடியில் ரெக்கார்டிங் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டால் சத்தம் ஏறுகிறது. இறங்கி அடுப்படிக்கு வந்து, நீ மிக்ஸி போடும்போது பக்கத்தில் நின்றால் குறைகிறது. கம்ப்யூட்டர்தான் காரணம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்தப் பெட்டிக்குள் ஏதோ இருக்கிறது. அலையோ காந்தமோ, எனக்குத் தெரியாது. பதினைந்து வருஷமாக அதன் முன்னால் உட்கார்ந்து ஊரார் பாட்டையெல்லாம் சுத்தம் பண்ணிக் கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி இது. லெந்து முடிவதற்குள் இறங்கிவிடும் என்று நம்புகிறேன்.

ஞானசௌந்தரி டீச்சர் வருவார்கள். அவர்களுடைய பெண்கள் பாடகர் குழு பெரிய வெள்ளிக்காகப் பாடிய பாடல்களையெல்லாம் முடித்து வைத்திருக்கிறேன். பென் டிரைவ் கம்ப்யூட்டரிலேயே செருகி இருக்கிறது. போட்டுக் காட்டு. நன்றாக வந்திருக்கிறது, சந்தோஷப்படுவார்கள்.

ஒரு குறையைச் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் நான் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாய். உடம்பு சரியில்லாமல் ஊருக்குப் போகிறவனை அப்படி அனுப்பியிருக்க வேண்டாம்.

டெபோராவுக்கு என் முத்தம்.

மெர்வின்


பாளையங்கோட்டை
12.3.2025

அத்தானுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்துவிட்டு வேறு தாளில் தொடங்குகிறேன். பொய் எழுத எனக்கு வராது.

உங்கள் கடைசிப் பத்தியைப் படித்தபோது ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் கட்டு மடியில் இருந்தது. அப்படியே மூடி வைத்தேன். நான் முகத்தைத் திருப்பினேனாம். பஸ் ஏறும் முன்னால் உங்கள் பக்கத்தில் நின்று என்ன சொன்னேன் என்று அதற்குள் மறந்துவிட்டதா? எழுதுகிறேன், படியுங்கள். "நானும் பிள்ளையும் இல்லாத எடந்தான் ஒங்களுக்கு நிம்மதின்னா அங்கனயே இருந்துக்கிடுங்க. திரும்பி வர வேண்டாம்" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள். "சரி சரி, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு நான் எப்படிக் கையை ஆட்டுவேன்?

இது ஒரு நாள் கதை என்றால் பொறுத்துப்போவேன். இரண்டு வருஷமாக இப்படித்தான். நான் என்ன சொன்னாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். சண்டைக்கு வந்தால் சண்டையாவது போடலாம். டெபோரா பள்ளியில் நடந்ததைச் சொல்ல வந்தாலும் அதே சிரிப்பு. இப்போது அவள் உங்களிடம் எதையும் சொல்ல வருவதில்லை, அதையாவது கவனித்தீர்களா? கம்ப்யூட்டர்தான் உங்களை எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது என்று நினைத்திருந்தேன். இப்போது கம்ப்யூட்டரும் இங்கேதான் இருக்கிறது, நாங்களும் இங்கேதான் இருக்கிறோம். நீங்கள் விலகிப் போனது யாரிடமிருந்து என்று எனக்குச் சொல்லுங்கள்.

ஞானசௌந்தரி டீச்சர் நேற்று வந்தார்கள். முதல் பாட்டு முடிவதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்தார்கள். "என்ன கெசியா இது, எல்லாரும் போர்வைய இழுத்து மூடிக்கிட்டுப் பாடுத மாதிரில்லா இருக்கு" என்றார்கள். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் எனக்கும் அப்படித்தான் கேட்டது. 'இயேசு' என்பதில் 'சு' எங்கே போனதென்றே தெரியவில்லை. பெரிய வெள்ளிக்கு முன்னால் சரிசெய்து தர வேண்டும் என்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

கெசியா


சாத்தான்குளம்
17.3.2025

கெசியா,

நீ எழுதியிருப்பதை நீ சொல்லவே இல்லை. உன் பக்கத்தில்தான் நின்றேன், ஒரு முழம் தூரம்கூட இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்தாய். நானும் சரி என்றேன். கோபத்தில் எழுதும்போது இப்படியெல்லாம் சேர்த்து எழுதலாமா? அக்கா அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்திருந்தால் என்ன நினைப்பாள்?

பாட்டு விஷயம். என் வேலையில் குறை சொல்ல அவர்களுக்கு என்ன தெரியும்? போன் ஸ்பீக்கரில் கேட்டுப் பழகிய காது. அந்த ரெக்கார்டிங் முழுவதும் ஒரு ஊசிச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. கோவிலில் உள்ள பழைய மைக்கிலிருந்து வந்திருக்கும். எந்தச் சுருதியில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் தேடிப் பிடித்து, ஒவ்வொரு பாட்டிலும் அந்த இடத்தை வெட்டி எடுத்திருக்கிறேன். ஒரு தடவை வெட்டினால் போகவில்லை. மறுபடியும், இன்னும் அகலமாக வெட்டினேன். அந்த வேலைக்கே ஒரு வாரம் போய்விட்டது. அதற்குக் கிடைத்த பெயர் போர்வை!

நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இங்கே வந்து சத்தம் குறையவில்லை. கூடியிருக்கிறது. மத்தியானம் தெருவில் ஆள் நடமாட்டம் நின்றுவிட்டால் தலைக்குள் அது மட்டும்தான். அக்கா வீட்டு இன்வெர்ட்டர் காரணமாக இருக்கும் என்று அணைத்துப் பார்த்தேன். பிறகு ஃப்ரிட்ஜ். கடைசியில் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு வாசல் திண்டில் உட்கார்ந்து கேட்டேன். சனிக்கிழமை வாங்கிய மீன் அத்தனையும் நாறிப்போயிற்று. "ஏலே மெர்வினு, ஒனக்குக் காதுல நோவா, மண்டைல நோவாலே?" என்று அக்கா கத்தினாள். நேசையா மச்சான் அன்றைக்குச் சாப்பாட்டில் என்னோடு உட்காரவில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். விஷம் இறங்கும்போது காய்ச்சல் கூடும் அல்லவா? பதினைந்து வருஷத்துக் கம்ப்யூட்டர் விஷம். அது இறங்குகிறது. பொறுத்திருந்து பார்.

டெபோரா என்னிடம் ஏன் பேச வருவதில்லை என்று அவளிடமே கேள். நான் அவளை ஒரு நாளும் விரட்டியதில்லை.

மெர்வின்


பாளையங்கோட்டை
22.3.2025

அத்தான்,

நான் சேர்த்து எழுதவில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். அதை இப்போது ஒரு ஓரமாக வைக்கிறேன், ஏனென்றால் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று இருக்கிறது.

டீச்சருக்கு பதில் சொல்ல வேண்டுமே என்று உங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டைப் போட்டேன். போட்ட வேகத்தில் கழற்றி மேசையில் வீசிவிட்டேன். காதில் அறைந்த மாதிரி இருந்தது. வீசிய ஹெட்போனிலிருந்து பாட்டு படிக்கட்டு வரைக்கும் கேட்டது என்று டெபோரா கீழேயிருந்து ஏறி வந்து சொன்னாள். "அப்பா எப்பவும் இவ்வளவு சத்தமாத்தாம்மா வைப்பாங்க" என்றாள். உங்கள் அறைக் கதவு எப்போதும் சாத்தியிருப்பதால் நான் இதுவரை கேட்டதில்லை.

சத்தத்தைக் குறைத்துவிட்டு மறுபடியும் கேட்டேன். பாட்டு ஓடும்போது திரையில் அது ஒரு படமாக வருகிறதே, கீழே கனத்த குரல், மேலே கீச்சென்ற மெல்லிய சத்தம் என்று, அதைப் பார்த்தேன். நீங்கள் முடித்து வைத்த பாட்டுகளில் மேல் பகுதியில் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை, தலையில் வகிடு எடுத்த மாதிரி. வெட்டியது அந்த இடம்தான் என்று புரிந்தது. பிறகு நீங்கள் கைவைக்காத ஒரிஜினலைத் திறந்தேன். ஊசிச் சத்தம் அதில் இருந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு விடாமல் ஓட வேண்டும் அல்லவா? ஓடவில்லை, அத்தான். காதாலும் கேட்டேன், டெபோராவையும் கேட்க வைத்தேன். அப்படி ஒரு சத்தமே அதில் இல்லை.

மனசு கேட்காமல் போன வருஷத்து வேலைகளையும் திறந்து பார்த்தேன். பத்தமடை மழலையர் பள்ளிப் பாட்டு. புன்னக்காயலில் எடுத்த கல்யாணப் பாட்டு. குமரகுருபரன் அண்ணாச்சி அவர் அப்பாவின் மணிவிழாவுக்குப் பாடச் சொல்லி எடுத்தது. எல்லாவற்றிலும் அதே உயரத்தில் அதே வகிடு. வேறு ஊர், வேறு மைக், வேறு தொண்டை. எல்லாவற்றுக்குள்ளும் ஒரே ஊசிச் சத்தம் எப்படி வந்து உட்கார்ந்தது? எல்லாவற்றுக்கும் பொதுவானது இரண்டுதான், கம்ப்யூட்டரும் நீங்களும். கம்ப்யூட்டர் முன்னால் நானும் உட்கார்ந்து கேட்டுவிட்டேன். எனக்குக் கேட்கவில்லை.

ஒரு வருஷமாக ஆட்கள் வருவது குறைந்துபோயிற்று, எல்லாரும் போனிலேயே எடுத்துக்கொள்கிறார்கள் என்று சொல்வீர்களே. அவர்கள் ஏன் வரவில்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

இன்னொன்றும் செய்தேன். திட்டினால் திட்டுங்கள். திருநெல்வேலியில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் காதிரைச்சல் வருமா என்று நேராகவே கேட்டேன். கம்ப்யூட்டரிலிருந்து வரும் எந்த அலையும் இதைச் செய்வதாகத் தெரியவில்லை என்றார். ஆனால் ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டி வருஷக்கணக்காகக் கேட்டால் காது கெடும், காது கெட்டால் இரைச்சல் வரும். அசையாமல் மணிக்கணக்காக உட்கார்ந்து கழுத்து இறுகினாலும், தூக்கம் கெட்டாலும், கவலைப்பட்டாலும் இரைச்சல் கூடித் தெரியலாம். அமைதியான இடத்துக்குப் போனாலும் கூடித் தெரியும், மறைக்க வேறு சத்தம் இல்லாததால். மாடி அறையில் கூடியதும், மிக்ஸி பக்கத்தில் குறைந்ததும், அக்கா வீட்டு மத்தியானத்தில் ஏறியதும் இதனால்தான். "கம்ப்யூட்டர் மேல பழியப் போடுததுக்கு முன்னால அவரு காதைச் சோதிக்கணும்மா. அவரை வரச் சொல்லுங்க" என்றார்.

வாருங்கள் அத்தான். லெந்து முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

கெசியா


சாத்தான்குளம்
27.3.2025

கெசியா,

என் அறைக்குள் போனாய். என் வேலையைத் தோண்டினாய். என்னைக் கேட்காமல் ஒரு டாக்டரிடம் போய் என் காதைப் பற்றிப் பேசினாய். அடுத்து ஞானசௌந்தரி டீச்சரிடம் சொல்வாய், அவர்கள் கோவிலில் சொல்வார்கள். சவுண்ட் எடிட்டருக்குக் காது கேட்காதாம் என்று ஊரே சிரிக்கும்.

எனக்குக் காது கேட்கும். நான் என் அப்பா இல்லை.

இனி இதைப் பற்றி எழுதாதே.

மெர்வின்


பாளையங்கோட்டை
1.4.2025

அத்தான்,

எழுதாதே என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாமாவை நான் இழுக்கவில்லை, நீங்கள்தான் இழுத்தீர்கள். இழுத்த பிறகுதான் எனக்குப் பளிச்சென்றது. நம் கல்யாணத்துக்கு மாமா வந்து உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறதா? மில் இரைச்சலில் போன காது. யார் வந்து பேசினாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். என் அண்ணன் அவரிடம் "சாப்பிட்டாச்சா" என்று கேட்டதற்கும் சிரித்தார், "உங்க தங்கச்சி எறந்ததக் கேள்விப்பட்டேன்" என்றதற்கும் சிரித்தார். இரண்டு வருஷமாக நம் வீட்டில் நான் பார்க்கிற சிரிப்பு அதுதான். அதை நான் அலட்சியம் என்று நினைத்தேன். என் மேல் உள்ள வெறுப்பு என்று நினைத்தேன்.

நான் எப்படிச் சண்டை போடுவேன் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழியில்லை என்று இப்போதுதான் எனக்கே தெரிகிறது. நான் குருமனையில் வளர்ந்தவள். கோவிலுக்கும் போதகர் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். எந்த நேரமும் யாராவது சபையார் ஜெபத்துக்கோ சண்டைக்கோ வாசலில் நிற்பார்கள். அதனால் எங்கள் வீட்டில் கோபம் வந்தால் குரலை இறக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் உயிர் போகிற சண்டையைக்கூடக் காதோடு காதாகத்தான் போடுவார்கள், அடுத்த அறையில் இருக்கிற எங்களுக்கே கேட்காது. அந்தப் பழக்கம் எனக்கு. சந்தோஷம் என்றால் சத்தமாகப் பேசுவேன். கோபம் என்றால் என் குரல் எனக்கே கேட்காது.

அப்படியானால் இரண்டு வருஷமாக உங்களிடம் போட்ட சண்டை ஒன்றுகூட உங்களுக்கு வந்து சேரவில்லையா? போன ஆடியில் அடுப்படியில் நின்று அழுதுகொண்டே உங்களிடம் கேட்டேனே, "எம்மேல ஒங்களுக்குப் பிரியம் போயிட்டா?" என்று? நீங்கள் சிரித்துக்கொண்டே தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனீர்களே. அன்றைக்குச் செத்துவிடலாம் போல இருந்தது எனக்கு. அதுவும் கேட்கவில்லையா? பஸ் ஸ்டாண்டில் சொன்னதும் கேட்கவில்லையா?

இதைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. கேட்கவில்லை என்றால் உங்களுக்கு வியாதி. கேட்டது என்றால் எனக்கு வாழ்க்கை இல்லை. இரண்டில் எது வேண்டும் என்று ஜெபிப்பது என்றே தெரியவில்லை.

டெபோராவிடம் கேட்கச் சொன்னீர்கள், கேட்டேன். "அப்பாட்ட பேசணும்னா முதல்ல தோள்ல தட்டணும்மா. தட்டிட்டு மூஞ்சியப் பாத்துப் பேசணும். அப்பயும் சில நேரம் கேக்காது. அதான் விட்டுட்டேன்" என்றாள். ஆறாம் வகுப்புப் பிள்ளை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கெசியா


சாத்தான்குளம்
4.4.2025

அன்புள்ள கெசியா,

உன் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. படித்துவிட்டு வீட்டில் இருக்க முடியாமல் பனங்காட்டுக்குள் போனேன். கரண்டு கம்பியே இல்லாத இடம். அங்கேயாவது குறைகிறதா என்று பார்க்கத்தான் போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்றுக்கூட இல்லை. ஊசிச் சத்தம் அங்கேதான் உச்சத்தில் இருந்தது. நடக்க நடக்க இன்னும் ஏறியது. நான் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தேன்.

பின்னால் தொம் என்று ஒன்று விழுந்தது. தரை அதிர்ந்ததைக் காலில் உணர்ந்துதான் திரும்பினேன். பனை மட்டை. அதன் ரம்பம் போன்ற கருக்கு சட்டையின் முதுகை ஒரு சாண் கிழித்துவிட்டிருந்தது. மேலே மட்டை கழித்துக்கொண்டிருந்த பனையேறி இசக்கிதுரை மடமடவென்று இறங்கி வந்தான். "எத்தனை தரம் விசிலடிச்சேன்! கீழ ஆளு வந்தா விசிலடிப்போம்னு ஒமக்குத் தெரியாதா? காது கேக்காதா வே ஒமக்கு?" என்று கத்தினான்.

விசில் கேட்டது கெசியா. கேட்கத்தான் செய்தது. அது என் காதுக்குள் ஓடுகிற சத்தம் என்று நினைத்து நடந்துவிட்டேன். பாட்டில் இல்லாத சத்தத்தை இருக்கிறது என்று வெட்டினேன். வெளியே இருந்த சத்தத்தை எனக்குள் இருப்பது என்று விட்டேன்.

இசக்கிதுரையிடம் "கேக்காது" என்றேன். முதல் தடவையாக ஒரு ஆளிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவன் கோபம் போய் "அதை முன்னயே சொல்லியிருக்கலாம்லா" என்றான். பதநீர் குடிக்கக் கொடுத்தான்.

எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே தெரியும். டெபோரா பேசுவது வெறும் வாய் அசைவாக மட்டும் தெரிய ஆரம்பித்தபோது தெரியும். நீ முணுமுணுக்கிறாய் என்று உன் மேல் பழி போட்டேன். அவள் வேகமாகப் பேசுகிறாள் என்று அவள் மேல் போட்டேன். கடைசியில் கம்ப்யூட்டர் கிடைத்தது. கம்ப்யூட்டர்தான் காரணம் என்றால் அதை அணைத்துவிடலாம், கெசியா. வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். காதுதான் காரணம் என்றால் நான் எதை அணைப்பேன்? அப்பா கடைசி வருஷங்களில் கல்யாண வீட்டில் உட்கார்ந்திருந்த மாதிரி நானும் உட்கார வேண்டியதுதான்.

நீ கேட்டதற்கு பதில். அடுப்படியில் நீ கேட்டது எனக்குக் கேட்கவில்லை. நீ வெங்காயம் உரிக்கிறாய் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் சொன்னதும் கேட்கவில்லை. கர்த்தர் மேல் ஆணையிடக்கூடாது என்பதால் ஆணையிடவில்லை.

ஒரிஜினல் எல்லாவற்றையும் எடுத்து ஞானசௌந்தரி டீச்சரிடம் கொடுத்துவிடு. வேறு யாரிடமாவது கொடுத்துச் செய்துகொள்ளட்டும். காரணம் கேட்டால் சொல்லிவிடு. சொல்ல வேண்டாம் என்று எழுதி, அடித்து, மறுபடியும் எழுதுகிறேன். சொல்லிவிடு.

டாக்டரிடம் நாள் குறி.

மெர்வின்


7.4.2025

அத்தான்,

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அங்கேயே நில்லுங்கள், நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன். தபால் கார்டில் இவ்வளவுதான் இடம்.

கெசியா


சாத்தான்குளம்
12.4.2025

அன்புள்ள கெசியா,

மருந்துக் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி இங்கே வந்துவிட்டேன். நீ எவ்வளவு நேரம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றாயோ. மன்னித்துக்கொள்.

டாக்டர் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. அங்கேயும் தலையாட்டினேன். நீ அதைப் பார்த்தாய். காதைச் சோதிக்கிற கண்ணாடி அறைக்குள் இருந்தபோதும் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் அமுக்க வேண்டிய பட்டனை நான் எங்கெங்கே அமுக்கத் தவறுகிறேன் என்று உன் முகத்திலேயே தெரிந்தது. அந்த முகத்தோடு வீட்டுக்கு வர எனக்குத் தைரியம் இல்லை. உன் கோபத்தோடு இருந்துவிடலாம், பாவம் என்று பார்க்கிற கண்ணோடு இருக்க முடியாது.

மெல்லிய சத்தம் எல்லாம் இரண்டு காதிலும் போய்விட்டது, அது திரும்பாது, இரைச்சலும் முழுதாகப் போகும் என்று சொல்ல முடியாது, காதில் மெஷின் வைத்தால் பேச்சு கேட்கும், இரைச்சலும் அடங்கித் தெரியலாம். இவ்வளவும் அக்கா அந்த ரிப்போர்ட்டைப் படித்து உரக்கச் சொன்னது. கம்ப்யூட்டரைத் தொடலாமாம். அதன் மேல் இருந்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று தெரியவில்லை.

டீச்சர் என்ன சொன்னார்கள்? பாடகர் குழுவுக்குத் தெரிந்துவிட்டதா?

ஈஸ்டருக்கு வரவா வேண்டாமா என்று நீ எழுது. வேண்டாம் என்றாலும் வருத்தப்படமாட்டேன். இந்தத் தடவை எழுத்தில் இருக்கும், எனக்குத் தவறாது.

மெர்வின்


பாளையங்கோட்டை
16.4.2025

அன்புள்ள அத்தான்,

இதைத் தபாலில் போடவில்லை. நானே கொண்டுவந்து உங்கள் கையில் கொடுக்கிறேன். டெபோராவும் என்னோடு வருகிறாள். நீங்கள் இதை வாசித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன். நிற்கும்போது என் முகம் எப்படி இருக்கிறதோ, அதுதான் என் முகம். அதை மாற்ற எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை வாசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். மருந்துக் கடைக்காரரிடம் போய் அடையாளம் சொல்லி விசாரித்தேன். பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஆற்றுப் பாலத்தைப் பார்த்தபோது என் மனசு எங்கெங்கே போயிற்று என்று எழுதமாட்டேன். சாயங்காலம் சாரம்மாள் மதினி போன் பண்ணிச் சொன்ன பிறகுதான் தண்ணீர் குடித்தேன். அதற்கு உங்களை நன்றாகத் திட்ட வேண்டும். வந்து திட்டுகிறேன்.

கண்ணாடி அறைக்கு வெளியே நான் பார்த்தது உங்களை மட்டும் இல்லை. நீங்கள் பட்டனை அமுக்கினால் சோதனை செய்த பெண்ணின் மேசையில் ஒரு சின்ன விளக்கு எரியும். அவள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். விளக்கு எரியவில்லை. இன்னும் கூட்டினாள். எரியவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் உங்களிடம் பேசிய ஏதாவது ஒன்று ஞாபகம் வந்தது. இதுவும் போய்ச் சேரவில்லை, இதுவும் போய்ச் சேரவில்லை என்று. நீங்கள் பாவம் என்று நான் அழவில்லை. நான் இரண்டு வருஷமாகத் தனியாகச் சண்டை போட்டிருக்கிறேன் என்று அழுதேன்.

டீச்சரிடம் சொன்னேன். ஒரிஜினலை வாங்கிக்கொண்டு "ஜெபம் பண்ணுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாளே பாடகர் குழு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளிப் பாட்டு எடுக்க வருவதாகச் சொன்னவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் சொல்வார்கள். உங்களிடம் மறைக்கப் போவதில்லை. அந்த அறையில் இனி என்ன வேலை நடக்கும் என்று எனக்குத் தெரியாது. மே மாதம் முழுவதும் இருக்கிறது, யோசிப்போம்.

வரவா வேண்டாமா என்று கேட்டீர்கள். பஸ் ஸ்டாண்டில் நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்கவே இல்லையே, எதைத் திரும்ப எடுக்கிறாள் என்று சிரிக்க வேண்டாம். சொன்னவள் நான், எனக்குக் கேட்டது.

குருமனைச் சண்டை இனி நம் வீட்டில் கிடையாது. கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரிப் போடுவேன். பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும். பேச்சை ஆரம்பிக்கும் முன்னால் டெபோரா செய்கிற மாதிரி தோளில் தட்டுவேன். இப்படித் தட்ட வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் எனக்கு இருக்கத்தான் செய்யும், மறைக்கமாட்டேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. இதை மடித்து வைத்ததும் நான் உங்களிடம் பேசுவேன். மதினி அடுப்படியில் ஏதாவது வறுத்துக்கொண்டிருப்பார்கள், பிள்ளை நடுவில் பேசுவாள், உங்கள் ஊசிச் சத்தமும் கூடவே ஓடிக்கொண்டிருக்கும். நான் சொல்வது உங்களுக்கு விளங்கவில்லை என்றால் சிரிக்காதீர்கள். தலையாட்டாதீர்கள். 'சரி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் முகத்தைப் பார்த்து "கேக்கல கெசியா" என்று சொல்லுங்கள்.

நான் இன்னொரு தடவை சொல்வேன்.

கெசியா